வருகைப் பதிவேடும் செக்றோலும்

நூதனசாலை எதுவாயினும் அதன் வாயிலில் நாள்தோறும் ஒரு கணக்கு எழுதப்படுகின்றது. இன்று வந்தோர் இத்தனை பேர், சென்ற மாதம் வந்தோர் இத்தனை பேர், சென்ற ஆண்டு இதே மாதத்தில் வந்தோர் இத்தனை பேர் என அக்கணக்கு வளர்ந்து செல்லும். அதனைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் எல்லா நாளும் ஒரு நாளல்ல என்பதை உடனே கண்டுகொள்வர். சில மாதங்களிற் கூடங்கள் நிறைந்து வழியும். வேறு சில மாதங்களிற் கண்ணாடிப் பேழைகளுக்குக் காவலாளர் மட்டுமே துணையாக இருப்பர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என வினவினால், மழை, வெயில், பனி என்று காலநிலையைச் சுட்டி விடையிறுப்பது வழக்கம்.

அவ்விடை முழுப் பொய்யன்று. ஆயினும் பாதி உண்மையே. மழை எல்லோர்மீதும் ஒன்றுபோலப் பெய்கின்றது. ஓய்வு எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைப்பதில்லை. யாருக்கு எப்பொழுது விடுமுறை, யாருடைய கையில் எப்பொழுது காசு, யாருக்கு எந்த நாளில் வேலைத்தலத்திலிருந்து விடுதலை என்பனவே நூதனசாலை வாயிலிற் கூட்டத்தைக் கூட்டுவனவும் குறைப்பனவுமாகும். எனவே வருகையாளர் தொகையின் ஏற்றவிறக்கத்தை, ஒரு சமுதாயத்தில் ஓய்வு எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை அளக்கும் ஒரு கோலாகக் கொள்ளலாம்.

இலங்கையின் மலையகத்தில் இவ்வுண்மை துலக்கமாகப் புலப்படும். அங்கே நூதனசாலையின் வருகைப் பதிவேட்டைப் போலவே நாள்தோறும் தலைகளை எண்ணும் இன்னொரு புத்தகம் உண்டு. தோட்டத்துச் செக்றோல் அது. இன்று வேலைக்கு வந்தோர் யார், முழுப்பேர் யாருக்கு, அரைப்பேர் யாருக்கு என்பதை அது பதிவு செய்யும். அதிலும் பருவத்திற்குப் பருவம் தொகை வேறுபடும். இவ்விரு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி மலையகத்தின் வரலாறு முழுமையாக விளங்காது.

ஓய்வு பிறந்த வரலாறு

1851ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த மாபெருங் கண்காட்சியை முதலில் நோக்குவோம். தொடக்க நாட்களில் அதற்கு உயர்ந்த கட்டணம் வாங்கப்பட்டது. மே மாதத்தின் பிற்பகுதியில், திங்கள் முதல் வியாழன் வரை ஒரு சிலிங், வெள்ளிக்கிழமை இரண்டரைச் சிலிங், சனிக்கிழமை ஐந்து சிலிங் என வகுத்தனர். ஒரு சிலிங் நாட்களில் தொழிலாளரும் கைவினைஞரும் புகையிரதமேறித் திரள்திரளாக வந்தனர். ஒரே கட்டடம், ஒரே காட்சிப் பொருள்கள், ஒரே கோடைகாலம். நுழைவுக் கட்டணம் மாறியதும் வருவோரின் வர்க்கமே மாறியது.

1857இல் திறக்கப்பட்ட சவுத் கென்சிங்டன் நூதனசாலை, பகலெல்லாம் உழைப்பவர் மாலையில் வந்து பார்க்கட்டும் என்று வாயு விளக்கேற்றி இரவிலும் கதவைத் திறந்து வைத்தது. ஞாயிற்றுக்கிழமையில் நூதனசாலைகளைத் திறக்க வேண்டுமென்ற கோரிக்கையோ, மதத்தின் பெயரால் எழுந்த எதிர்ப்பினாற் பல பதின்மம் இழுபட்டு, 1896இலேயே பிரித்தானிய நூதனசாலையில் நிறைவேறியது. வாரத்தில் ஆறு நாளும் உழைப்பவனுக்கு ஏழாம் நாளிற் கதவடைத்த நூதனசாலை, பெயரளவில் மட்டுமே பொதுமக்களுக்குரியதாயிருந்தது.

தமிழகத்திலும் இதற்கு நல்ல சான்றுண்டு. சென்னை அரசாங்க நூதனசாலை 1851இல் எட்வர்ட் பல்போரின் பொறுப்பில், புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்திலே தொடங்கப்பெற்றது. அக்கல்லூரித் தொடர்பினாற் போலும், நகரத்து எளிய மக்கள் அதற்குச் 'செத்த காலேஜ்' என்று பெயரிட்டனர். உயிருள்ள விலங்குகள் இருந்த காட்சிச்சாலை 'உயிர்க் காலேஜ்' ஆயிற்று. ஆண்டு முழுவதிலும் அங்கே பெருங்கூட்டம் கூடும் நாளாகக் காணும் பொங்கல் விளங்கிற்று. அறுவடை முடிந்து, மாட்டுக்கும் மனிதனுக்கும் ஓய்வு கிடைத்து, கையிற் சிறிது காசும் புரளும் அந்நாளிற் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் நகரத்துச் சேரிகளிலிருந்தும் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். எழுத்தறியாதவர், விளக்கச் சீட்டைப் படிக்க இயலாதவர் என்று அவர்களைக் குறைவாக எண்ணியோர் உண்டு. ஆயினும் தமக்கென ஒரு நாள் வாய்த்தபோது அவர்கள் வந்தார்கள் என்பதே வரலாறு கூறும் செய்தி. அறிவின்மீது உழைக்கும் மக்களுக்கு ஆர்வமில்லை எனும் கூற்றை அந்த ஒரு நாட்கூட்டமே பொய்யாக்கிவிடுகின்றது.

தேசாதிபதி கிரகரியின் இரு பணிகள்

இனி இலங்கைக்கு வருவோம். 1872 முதல் 1877 வரை இங்கு தேசாதிபதியாயிருந்த வில்லியம் கிரகரியின் பெயரோடு இணைந்த இரு பணிகள் நம் பொருளுக்கு நெருக்கமானவை. ஒன்று 1873இல் நுவரெலியாவில் அமைந்த வாவி. மற்றது 1877 ஜனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை. ஒன்று உல்லாசத்திற்கு, மற்றது அறிவிற்கு. கலைகளில் ஈடுபாடு மிக்கவரும் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவருமான கிரகரி, இந்நாட்டின் பழம்பொருள்கள் சிதறாது பேணப்பட வேண்டுமென விரும்பியதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆயினும் அந்த 1877ஆம் ஆண்டின் முதல் நாளைச் சற்று அகன்ற கண்ணோடு பார்த்தல் வேண்டும். அதே நாளில் டில்லியில் விக்டோரியா இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பெருந் தர்பாரிலே பிரகடனப்படுத்தப்பட்டார். அதே நாட்களிற் சென்னை மாகாணம் 1876இல் தொடங்கிய கொடும்பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலான மாவட்டங்களிலிருந்து பசியினால் உந்தப்பட்ட மக்கள் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காடுகளின் ஊடே கால்நடையாக மாத்தளை வழியே கோப்பித் தோட்டங்களுக்கு ஏறிக்கொண்டிருந்தனர். இதே கிரகரிதான், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின்போது, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவன் அதனைக் கைவிட்டாலன்றிப் பஞ்ச நிவாரணம் பெறலாகாது என்ற விதியை 1847இற் பிரித்தானியப் பாராளுமன்றத்திற் கொண்டுவந்தவர். ஒரு பஞ்சத்தின் சட்டத்தை இயற்றியவர், இன்னொரு பஞ்சத்தின் மக்கள் குவிந்த தீவிலே நூதனசாலை திறந்தார். தனிமனிதரின் நன்மை தீமைகளைப் பற்றியதன்று நம் வினா. எவற்றைப் பேணத்தக்க பொருள்கள் என்றும், எவரை எண்ணிக்கையளவிலான கைகள் என்றும் ஏகாதிபத்தியம் வகை பிரித்தது என்பதே இங்கு நோக்கற்பாலது.

'சீசன்' எனும் பருவம்

நுவரெலியாவின் குளிர்ச்சியை வைத்தியர் ஜோன் டேவி 1819இற் கண்டு எழுதினார். தேசாதிபதி எட்வர்ட் பார்ண்ஸ் அதனை நோயுற்ற துருப்பினர் உடல் தேறும் இடமாக்கினார். 1840களின் பிற்பகுதியிற் சாமுவேல் பேக்கர் அங்கே ஆங்கில நாட்டுக் குடியிருப்பு ஒன்றை நிறுவ முயன்றார். 1861இல் ஹக்கலவிற் சிங்கோனாப் பயிருக்கான தோட்டம் அமைந்து, பின்னர் பூங்காவாக வளர்ந்தது. 1876இல் துரைமாரின் ஹில் கிளப், 1889இற் கோல்ப் கழகம் என்பன எழுந்தன. 1884இல் ஹட்டனை எட்டிய புகையிரதம் 1885இல் நானுஓயாவைத் தொட்டது.

தேயிலையை இறக்குவதற்கு இடப்பட்ட அவ்விருப்புப்பாதையே விருந்தினரை ஏற்றுவதற்கும் பயன்பட்டது. கொழும்பில் வெப்பம் மிகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், அதிகாரிகளும் வணிகரும் குடும்பத்தோடு மலையேறினர். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, நடனம் என்று களைகட்டிய அவ்வாரங்களுக்குச் 'சீசன்' என்று பெயர். ஆண்டின் எஞ்சிய மாதங்கள் பெயரற்ற மாதங்களாயின.

சுதந்திரத்தின் பின்னர் துரைமார் போயினர், சீசன் போகவில்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு அது இணைந்துகொண்டது. இன்று ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா வீதிகளில் வாகனம் நகர இடமின்றித் திரள்வோர் பெரும்பாலும் நம் நாட்டு நடுத்தர வகுப்பினரே. ஒரு சிறு கூட்டத்தின் தனியுரிமையாயிருந்த குளிர்காற்று பலருக்கும் உரியதானது வரவேற்கத்தக்க மாற்றமே. வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகளின் பருவமோ வேறு. ஐரோப்பாவின் குளிரிலிருந்து விலகி வருவோர் டிசம்பர் முதல் மார்ச் வரையும், அங்குள்ள கோடை விடுமுறையில் வருவோர் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலும் மிகுதி. ஏப்ரல் கடந்தபின் மே, ஜூன் மாதங்களில் அத்தொகை வீழ்ச்சியுறும். ஆக, கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட எந்தக் காட்சிச்சாலையின் கணக்கும் இருவேறு அலைகளைத் தாங்கி நிற்கின்றது. ஒன்று கொழும்பின் விடுமுறையாலும் மற்றது அயல்நாட்டார் விடுமுறையாலும் எழுவது.

கொழுந்தின் பருவம்

இவ்விரண்டுக்கும் அடியிலே மூன்றாவது பருவமொன்று ஓடுகின்றது. அது கொழுந்தின் பருவம்.

ஜனவரி முதல் மார்ச் வரை மலைகளின் மேற்குச் சரிவுகளில் வறட்சியும் இரவுப் பனியும் நிலவும். கொழுந்து குறையும், ஆனால் திம்புளைப் பகுதித் தேயிலையின் மணமும் தரமும் உயரும். உலகச் சந்தை அதனை நாடி விலை கொடுக்கும். நிறை குறைந்தால் நாட்கூலிக்காரிக்கு வேலையும் வருவாயும் குறைய வழியுண்டு. ஏலத்தில் விலை உயரும் காலமும் லயத்தில் அடுப்பு மந்தமாக எரியும் காலமும் இவ்வாறு ஒன்றாக நேர்தல் கூடும். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் இடைப்பருவ மழை விழுந்ததும் செடிகள் ஒருசேரத் துளிர்க்கும். ஏப்ரல், மே மாதங்களிற் கொழுந்து மலைபோற் குவியும். கொழுந்து காத்திராது, நாட்கணக்கு தவறினால் முற்றிவிடும். எனவே சீசன் கூட்டம் வாவிக்கரையிற் படகேறும் அதே வாரங்களில், எதிர்மலைச் சரிவிற் பெண்கள் விடியலிலேயே பிரட்டுக்குச் சென்று, நிர்ணயிக்கப்பட்ட நிறையை எட்டவும் அதற்கு மேல் எடுக்கவும் கைவிரைந்து நிற்பர். புத்தாண்டுக்கென வாய்க்கும் ஓரிரு நாட்களைக் கழித்தால் அப்பருவம் அவர்களுக்கு உழைப்பின் உச்சமாகும். உல்லாசப் பிரயாணியின் படக்கருவிக்குள் அவள் அகப்படுவதும் அப்பொழுதுதான். அங்கே அவள் காண்பவளல்லள், காட்சிப்பொருள்.

பருவத்திற்கும் இம்மக்களின் தலைவிதிக்கும் உள்ள தொடர்பு இதனினும் ஆழமானது. கோப்பி பருவப்பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் வேண்டும், பின்னர் வேண்டியதில்லை. ஆகவே கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பலர் வேலை முடிந்ததும் தமிழகத்துக் கிராமங்களுக்குத் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வேண்டும். சிறப்பாகப் பெண்கள் வேண்டும். பருவத்திற்கு வந்துபோனவர் நிலைகுடிகளானது இவ்வாறே. இம்மாற்றத்தை நிகழ்த்தியது அவர்களின் விருப்பமும் அன்று, சூழ்ச்சியும் அன்று. ஒரு பயிரின் உற்பத்தி முறையே அதனை நிகழ்த்தியது.

பொருளாதாரம் அவர்களை நிலைகுடிகளாக்கியது. அரசியலோ அவர்களைப் பருவத்து வருகையாளராகவே நடத்தியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பிலே ஏழுபேர் பாராளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களைப் பெருந்தொகையாக நாடற்றோராக்கியது. அடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கைப் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்தம் பிரதிநிதி ஒருவரும் இல்லை. 1964 ஒக்டோபரிற் கையொப்பமான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 வரை காத்திருக்க வைத்தது. மூன்று நான்கு தலைமுறைகள் இம்மண்ணிற் பிறந்து இம்மண்ணிற் புதைந்த பின்னரும், 'எப்பொழுது வந்தீர், எப்பொழுது போவீர்' என்பதே அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இரு நூதனசாலைகள்

இப்பின்னணியில் மலைநாட்டின் இரு நூதனசாலைகளை நோக்குதல் பொருத்தம். கண்டியை அடுத்த ஹந்தானையில், 1925இற் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டிருந்த தொழிற்சாலை ஒன்றைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் புதுக்கி, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறந்தன. உருட்டும் இயந்திரங்கள், உலர்த்தும் இயந்திரங்கள், அவற்றை இயக்கிய பொறிகள், டெய்லரின் நினைவுப் பொருள்கள் ஆகியன அங்கே செவ்வையாகப் பேணப்பட்டுள்ளன. தொழில்நுட்ப வரலாறு கற்போர் அவசியம் காண வேண்டிய இடம் அது. மற்றது கம்பளையை அடுத்த ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ளது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இற் பழைய லயம் ஒன்றையே தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமுமாக்கியது. வேலைக்கருவிகள், வீட்டுப் பாத்திரங்கள், இசைக்கருவிகள், பழைய ஆவணங்கள் என்பன அங்கே உள்ளன. அங்கு வீடே காட்சிப்பொருள். அதன் குறுகிய அறையினுள் நின்று பார்த்தலே ஒரு பாடம்.

முதலாவது இயந்திரத்தின் கதையைச் சொல்கின்றது. இரண்டாவது அவ்வியந்திரத்திற்குக் கொழுந்து சுமந்தவரின் கதையைச் சொல்கின்றது. முதலாவது கண்டிக்கு வரும் உல்லாசப் பயணத்தின் பாதையில் உள்ளது. ஆகவே மேற்கூறிய அலைகள் அதனை எளிதில் எட்டும். இரண்டாவதைத் தேடிச் செல்ல வேண்டும். முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில், சம்பள உயர்வுக்கான போராட்டத்தின்போது பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தனின் பெயரும், லூல்கந்துரவில் முதன்முதலாகத் தேயிலை நட்ட டெய்லரின் பெயரும் ஒரே ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்தவை. இவ்விரு பெயர்களுள் எதனை நம் மாணவர் அறிவர் என்று வகுப்பறையிற் கேட்டுப் பார்த்தால் விடை எளிதிற் கிடைக்கும்.

எவ்விடத்தாயினும், கொழுந்தெடுப்பவள் வருகையாளராக வருவது அரிது. காரணம் வெளிப்படை. கதவு திறந்திருக்கும் பகற்பொழுது முழுவதும் அவள் மலையில் நிற்கின்றாள். ஒரு நாள் போனால் ஒரு பேர் போகும். அந்தப் பேரின் விலை ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கே பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. பஸ் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் பிள்ளைகளின் சாப்பாடும் சேர்ந்தால் ஒருநாட் பயணம் பலநாட் கூலியை விழுங்கிவிடும். ஓய்வு நாளிலோ விறகும் துவையலும் கடைச்சாமானும் காத்திருக்கும்.

'அவர்களுக்கு இவற்றிலெல்லாம் நாட்டமில்லை' என்பாருக்குச் சிவனொளிபாதமலை விடை கூறும். டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைப் பருவத்தில், ஹட்டனும் மஸ்கெலியாவும் நல்லதண்ணியும் இரவுபகலாக விழித்திருக்கும். அக்கூட்டத்தில் சிங்கள உழவரும் தோட்டத்துத் தமிழரும் தோளோடு தோள் உரசிப் படியேறுவதைக் காணலாம். பகல் வேலை முடித்து, இரவெல்லாம் ஏறி, சூரியோதயம் கண்டு திரும்பும் வலிமையும் வேட்கையும் இம்மக்களிடம் உண்டு. அம்மலை இரவிலும் திறந்திருக்கின்றது. நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை. அது தங்களுடையது என்று அவர்கள் உணர்கின்றனர். நூதனசாலை இம்மூன்றுள் எத்தனையைத் தரவல்லது என்பதே கேள்வி.

செய்யத்தக்கன

முதலாவதாக, எத்தனை பேர் வந்தனர் என்பதோடு எவர் வந்தனர் என்பதையும் பதிவேடு சொல்லுமாறு செய்தல் வேண்டும். டிசம்பர் மாதத்து நூறு பிரயாணிகளும் ஜூன் மாத மழையில் வந்த பத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே வகையான எண்களல்லர். தொகை உயர்ந்தது என மகிழும் ஆண்டறிக்கை, தொழிலாளர் எவரும் வரவில்லை என்பதை மறைத்துவிடக் கூடும்.

இரண்டாவதாக, உழைப்பவரின் நாட்காட்டியை நூதனசாலையின் நாட்காட்டியாக்குதல் வேண்டும். தைப்பொங்கல், தீபாவளி, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, மே நாள் ஆகிய இவையே அவர்களின் காணும் பொங்கல்கள். அந்நாட்களிற் கட்டணமின்றிக் கதவு திறந்திருக்கட்டும். மக்கள் வர இயலாதவிடத்து, கோயில் முன்றிலுக்கும் வாசிகசாலைக்கும் காட்சிப்பொருள்கள் செல்லட்டும்.

மூன்றாவது பணி ஆசிரியரும் மாணவருமாகிய நம்முடையது. கல்விச் சுற்றுலாவுக்கு வெயில் நாளையே நாம் தெரிவு செய்கின்றோம். அது இயல்பே. எனினும் தொழிலாளர் நூதனசாலையை ஒருமுறை தென்மேற்கு மழை கொட்டும் நாளிற் காண்பது நன்று. தகரக் கூரையின்மேல் மழை விழும் ஓசையில் ஆசிரியரின் குரல் எழும்பாது. ஆனால் அப்போது மாணவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் அவன் பாட்டியின் பெட்டியிலுள்ள பழைய துண்டையும், கடவுச்சீட்டையும், சம்பளச் சீட்டையும் குப்பையென எறியாது எடுத்து வைப்பானாயின், அந்த லயத்திலேயே ஒரு நூதனசாலை தொடங்கிவிட்டது எனலாம்.

செக்றோல் இம்மக்களைக் கைகளாக எண்ணியது. குடியகல்வுப் பத்திரங்கள் அவர்களைப் பங்கிடத்தக்க தொகையாக எண்ணின. தம் உழைப்பின் வரலாற்றைத் தாமே பார்த்து, தாமே தீர்ப்புக் கூறும் மனிதர்களாக அவர்களை எண்ணும் புத்தகம் ஒன்று வேண்டும். நூதனசாலையின் வருகைப் பதிவேடு அப்புத்தகமாக மாறுதல் கூடும். அதற்கு மாற வேண்டியது மலையின் பருவமன்று. ஓய்வும் கூலியும் பங்கிடப்படும் முறையே. அம்மாற்றத்திற்காக நடைபெறும் போராட்டத்திற் கல்விக்கும் வரலாற்றுக்கும் பங்குண்டு என்பதை உணர்ந்து செயற்படுவது நம் கடமையாகும்.